இறைச்சியில் ஃபேஜ்: இந்தப் பாடத்தை எங்கிருந்து படிக்க ஆரம்பிப்பது

ஃபேஜ் (பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்) பாடம் என்றதும் நாம் எல்லோரும் அதைக் கண்டுபிடித்தவர்கள் 1915இல் ட்வார்ட், 1917இல் டெரெல் என்று ஆரம்பித்து, தலை, வால், வால் நார் எல்லாம் படம் போட்டுப் பார்ப்பதிலேயே பாதி நேரத்தைக் கழித்துவிடுகிறோம். அதற்கு மதிப்பெண் கொஞ்சம்தான். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) என்னிடம் வந்த முதல் கேள்வி இதுதான்: திரவ ஊடகத்தில் பாக்டீரியாவை வழித்து எடுக்கிற ஃபேஜ், இறைச்சித் துண்டின் மேல் ஏன் திணறுகிறது? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு படித்தால் மற்றதெல்லாம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

ஃபேஜுக்கு நீந்தத் தெரியாது, ஈரத்தில் அலைந்து தற்செயலாக பாக்டீரியாவின் மேல் மோத வேண்டும், அவ்வளவுதான். இறைச்சிப் பரப்போ கரடுமுரடு, ஈரமும் சீராக இருக்காது, மடிப்புக்குள் பதுங்கியிருக்கும் செல்லை ஃபேஜ் எட்டவே எட்டாது. அப்புறம் எண்ணிக்கை. ஒரு சதுர செ.மீ.க்கு நூறு செல்தான் இருக்கிறது, ஆயிரம் ஃபேஜ் போட்டால் செல்லுக்குப் பத்து ஆயிற்றே என்று தோன்றும். கணக்கு சரி, ஆனால் வேலை நடக்காது. மோதும் வாய்ப்பைத் தீர்மானிப்பது ஃபேஜின் அடர்த்திதான், விகிதம் இல்லை. அதனால்தான் சதுர செ.மீ.க்கு 10⁷, 10⁸ என்று தெளிக்கிறார்கள். இதை விளக்கி எழுதினாலே விடை தனியாகத் தெரியும்.

குளிரையும் விடாதீர்கள். செல் வளர்ந்தால்தான் ஃபேஜ் உள்ளே பெருக முடியும். உணவை நஞ்சாக்கும் பாக்டீரியாக்களில் லிஸ்டீரியா 4 டிகிரி செல்சியஸிலும் மெதுவாக வளரும், சால்மோனெல்லா அந்தக் குளிரில் வளராது. ஆகவே குளிர்பதனத்தில் ஃபேஜ் பெருகிப் பார்த்துக்கொள்ளும் என்று நம்பாமல், முதலில் தெளிக்கும் அளவே போதுமானதாக இருக்க வேண்டும்.

ஏன் லைட்டிக் ஃபேஜ் (செல்லுக்குள் குடியேறாமல் உடனே பெருகி அதை உடைத்துக் கொல்லும் வகை) மட்டும் என்று கேட்டால் ஒரே வரி போதும்: நோய் தரும் பாக்டீரியாவான ஈ.கோலை ஓ157:எச்7இன் ஷிகா நச்சு மரபணு இருப்பதே அதன் மரபணுத் தொகுப்புக்குள் குடியேறிய ஃபேஜில்தான். கலவையாக ஏன் தருகிறார்கள் என்றால், ஃபேஜ் ஒட்டும் இடமான ஏற்பியை மாற்றிக்கொண்டு ஒன்றிடம் தப்பும் பாக்டீரியா இன்னொன்றிடம் மாட்டும். 2006 ஆகஸ்டில் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, உடனே உண்ணத்தக்க இறைச்சியில் லிஸ்டீரியாவுக்கு எதிராகத் தெளிக்க அனுமதித்ததும் ஆறு ஃபேஜ்கள் சேர்ந்த கலவையைத்தான்.

செய்முறையில் டைட்டர் (ஒரு மி.லி.யில் எத்தனை ஃபேஜ் என்ற) கணக்கு நிச்சயம் வரும். 10⁻⁶ நீர்ப்பில் 0.1 மி.லி. போட்டு 50 பிளாக் (ஃபேஜ் பாக்டீரியாவைக் கொன்ற இடத்தில் தெரியும் தெளிவான புள்ளி) வந்தால் மி.லி.க்கு 5×10⁸. நீர்ப்பை மறக்காத பலரும் அந்த 0.1ஐ மறந்துவிடுவார்கள்.

புத்தகத்தில் ஓரமாக வரும், வைவாவில் நடுவில் வரும் விஷயம் ஒன்று உண்டு. இறைச்சியிலிருந்து பாக்டீரியாவை மீட்டு அகார் (பாக்டீரியாவை வளர்க்கும் கூழ்) தட்டில் பரப்பும்போது மிச்ச ஃபேஜும் கூடவே வந்து, தட்டிலும் கொன்றுகொண்டே இருக்கும். நமக்கோ முடிவு பிரமாதமாகத் தெரியும். மையவிலக்கி செல்லை அடியில் படியவைத்து மேல்நீரைக் கொட்டுவது ஒரு வழி. அதோடு, ஃபேஜ் சேர்த்த நொடியிலேயே ஒரு தட்டு போட்டு வையுங்கள். அதிலேயே எண்ணிக்கை சரிந்திருந்தால், அந்தச் சாவு இறைச்சியில் நடந்ததில்லை, தட்டில் நடந்தது.