ஒதுங்கி ஒதுங்கியே ஓட்டிய நான்கு நாள்

ஸ்காட்லாந்தைச் சுற்றிவிட்டு எடின்பரோவில் வாடகைக் காரைத் திருப்பிக் கொடுத்து மூன்று நாள்தான் ஆகிறது. இன்று காலை பார்த்தால் கிரெடிட் கார்டில் 95 பவுண்ட் போயிருக்கிறது. இடது முன்சக்கர விளிம்பில் கீறலாம். அந்தக் கடுப்போடு எழுதுகிறேன். முதல் நாள், இரண்டாம் நாள் என்று வரிசையாக எதிர்பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

வம்பு கார் எடுக்கும்போதே ஆரம்பித்துவிட்டது. இணையத்தில் நான்கு நாளுக்கு 190 பவுண்ட் என்று பதிவு செய்திருந்தேன். கவுண்டரில் இருந்தவர் கூடுதல் காப்பீட்டுக்கு நாளொன்றுக்கு 28 பவுண்ட் கேட்டார். வேண்டாம் என்றதும் 1,200 பவுண்டை டெபாசிட்டாக முடக்கிவிட்டார்கள். அந்தக் காப்பீட்டை வீட்டிலிருந்தே வேறு இடத்தில் மலிவாக வாங்கியிருக்கலாம். சோம்பல். சரி, ஆதாரத்துக்கு இருக்கட்டுமே என்று காரைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தேன். இப்போது எடுத்துப் பார்த்தால், அந்த ஒரு சக்கரத்தை மறைத்துக்கொண்டு என் மகன் நாக்கை நீட்டியபடி நிற்கிறான்.

ஸ்டெர்லிங் வழியாகப் போன பாதையைத் தாண்டிவிடுகிறேன். கிளென்கோ பள்ளத்தாக்கில் காரை நிறுத்தியபோது யாரும் பேசவில்லை. இருபுறமும் மலை, உச்சியை மேகம் மூடியிருக்கிறது, ஓடைகள் வெள்ளிக் கம்பிபோல இறங்குகின்றன. 1692 பிப்ரவரியில் இங்கே அரசுப் படையினர் மெக்டொனால்டு குலத்தவரில் 38 பேர் வரை கொன்றார்கள். அதற்கு முன் ஏறக்குறைய இரண்டு வாரம் அவர்கள் வீடுகளிலேயே தங்கி, அவர்கள் போட்ட சோற்றைத் தின்றவர்கள். அம்மாவுக்குச் சொன்னேன். "உண்ட வீட்டுக்கே ரெண்டகமா?" என்றவர் அதற்குப் பிறகு ரொம்ப நேரம் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கேயே நின்றிருப்போம், காற்று நின்றதும் மிட்ஜ் பூச்சிகள் வந்துவிட்டன. கண்ணுக்கே சரியாகத் தெரியாது. கடி மட்டும் கொசுவைத் தோற்கடிக்கும். ஜூனில் போகிறவர்கள் தலையோடு மூடும் வலை வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் காருக்குள் ஓடினோம்.

ஸ்கை தீவுக்குப் பாலத்தில் போனோம். 1995-இல் திறந்தபோது சுங்கம் வசூலித்தார்கள். உள்ளூர்க்காரர்கள் விடாமல் போராடி 2004-இல் அதை ஒழித்தார்கள். இந்தப் பயணத்தில் எனக்குச் சும்மா கிடைத்தது அந்தப் பாலம் ஒன்றுதான், அவர்கள் நன்றாக இருக்கட்டும்.

இப்போது அந்தச் சாலை. பிராட்ஃபோர்டிலிருந்து எல்கோல் வரை 15 மைல் அளவுக்கு ஒரே ஒரு கார் போகும் அகலம். எதிரே வண்டி வந்தால் ஒதுங்குவதற்கு அங்கங்கே சாலையோரம் கொஞ்சம் அகலமான இடம், பக்கத்தில் வெள்ளைப் பலகை. அது இடப்பக்கம் இருந்தால் நாம் நுழைய வேண்டும். வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேரே சாலையிலேயே நின்று எதிர்வண்டியை நுழைய விட வேண்டும். பின்னால் உள்ளூர்க்காரர் வந்தாலும் ஒதுங்கி வழிவிடுவதுதான் மரியாதை. அங்கே நிறுத்திப் படம் எடுக்கக் கூடாது. கடந்து போகிற ஒவ்வொருவரும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி நன்றி சொல்கிறார்கள். பத்தாவது வண்டிக்குள் அம்மாவும் பின்சீட்டிலிருந்து எல்லோருக்கும் கை காட்ட ஆரம்பித்துவிட்டார். ஹாரன் சத்தம் ஒன்றுகூடக் கேட்கவில்லை. நடுச்சாலையில் படுத்திருந்த ஆடுகளுக்கும் சேர்த்தே அந்தப் பொறுமை.

ஒரு பெரிய கேரவனுக்காகக் கொஞ்சம் அதிகமாகவே ஒதுங்கினேன். புல்லுக்குள் கல் இருந்தது. கிரீச். 95 பவுண்ட்.

எல்கோல் கரையில் நின்றால் கடலுக்கு அப்பால் கூலின் மலைகள் கறுப்பாக, பல் பல்லாகத் தெரிகின்றன. படகில் போகலாம், நான்கு பேருக்குக் கணக்குப் போட்டுவிட்டுக் கரையிலேயே நின்றுகொண்டோம்.

அன்று இரவு அதே தீவில் போர்ட்ரீ ஊரில் சாப்பிட்டது கல்லன் ஸ்கிங்க். புகையூட்டிய ஹாடக் மீன், உருளைக்கிழங்கு, வெங்காயம் எல்லாம் பாலில் கொதித்த சூப். கிண்ணம் 9 பவுண்ட். "மீனையும் பாலையும் சேர்த்தா? தோலில் வெள்ளை விழும்டா" என்று அம்மா கிண்ணத்தைத் தள்ளிவிட்டார். மனைவி கண்ணை மூடிச் சாப்பிடுவதைப் பார்த்து ஒரு வாய். அப்புறம் இன்னொரு வாய். கடைசியில் ரொட்டியால் கிண்ணத்தைத் துடைத்தார். இரவு பத்து மணி, வெளியே இன்னும் வெளிச்சம். இரண்டாவது கிண்ணம் சொல்லலாமா என்று நான் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொன்னோம்.

திரும்பும் வழியில் நெஸ் ஏரி. 230 மீட்டர் ஆழமாம், மேலே பார்த்தால் வெறும் கறுப்புத் தண்ணீர். அதற்குள் இருப்பதாகக் கதை சொல்கிற பூதத்தின் பொம்மை 12 பவுண்ட். வாங்கவில்லை, மகன் எடின்பரோ வரை பேசவில்லை.

நேற்று அம்மா சித்தியோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். மலை இல்லை, ஏரி இல்லை, பாலம் இல்லை. "பாலில் போட்ட மீனைச் சாப்பிட்டேன்டி. இரண்டு கிண்ணம். இன்னும் ஒன்றும் ஆகவில்லை."