நின்று கெடும் பேட்டரிகள்

மோட்டார் சைக்கிள் பேட்டரி ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதுதான் அதிகம். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒரு பட்டறையில் பல ஆண்டுகளாக ஸ்பேனர் பிடிக்கும் எனக்கு இதில் இரண்டாம் கருத்து இல்லை. விடியற்காலையில் செம்பனைக் காட்டுக்குப் போய்வரும் பழைய ஹோண்டா சேறும் சகதியுமாக வந்து நிற்கும். சங்கிலி தொங்கும், பிரேக் தேய்ந்திருக்கும், ஆனால் பேட்டரியில் குறை இருக்காது. பளபளவென்று துடைத்துத் துணி போர்த்தி வைத்த மோட்டார்தான் கிளம்ப மறுத்து லாரியில் ஏறி வரும்.

போர்த்தி வைத்த மோட்டார்களுக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. தோட்டங்களில் பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்தது. தோட்டத்து லய வீடுகளில் இருந்தவர்கள் பலர் பட்டணத்துத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்கு மாறினார்கள். பிள்ளைகள் கோலாலம்பூருக்கும் ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போய்விட, அவர்கள் ஆசையாக வாங்கிய மோட்டார் அப்பா வீட்டு வாசலிலேயே நிற்கிறது. தீபாவளிக்கு முந்திய வாரம் பிள்ளை வந்து சாவியைத் திருப்பினால் விளக்குகூட எரியாது. அந்த வாரத்தை நினைத்தே எங்கள் தவுக்கே (கடை முதலாளி) புதிய பேட்டரிகளை முன்கூட்டியே வரவழைத்துவிடுவார். 2020 மார்ச் 18ஆம் தேதி கொரோனாவுக்கான நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கி, பிறகு கடைகள் திறந்தபோது, ஊர் முழுவதற்கும் ஒரே சமயத்தில் அந்த வாரம் வந்தது.

நிற்கும் வண்டியின் பேட்டரியை இறங்கவிடாமல் காக்க மாட்டி வைக்கும் பராமரிப்பு சார்ஜரைப் பற்றிப் பேச்செடுத்தால், "அது பனி பெய்கிற நாட்டுக்காரர்களுக்கு, தம்பி" என்பார்கள். குளிர்காலம் முழுவதும் வண்டியை மூடி வைப்பவர்களை மனத்தில் வைத்தே அதன் கையேடுகள் பலவும் எழுதப்பட்டிருக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் ஈய அமில பேட்டரி சும்மா இருக்கும்போதும் தானாக இறங்கிக்கொண்டே இருக்கும்; வெப்பம் 10 டிகிரி கூடினால் அந்த வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். பனி நாட்டு வண்டிக்கொட்டகையில் தூங்கும் பேட்டரியைவிட, நம் தகரக் கூரைக்கடியில் வேகும் பேட்டரிக்குத்தான் இந்தக் கருவி அதிகம் தேவை.

போதாக்குறைக்குத் திருட்டு அலாரம் வேறு. அது 10 மில்லி ஆம்பியர் மட்டுமே இழுத்தாலும், 5 ஆம்பியர்-மணி பேட்டரியை மூன்று வாரத்தில் காலி செய்துவிடும். முழுதாக ஏறி ஓய்வில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி மல்டிமீட்டரில் 12.6 முதல் 12.8 வரை காட்டும். 12.4க்குக் கீழே இறங்கிய பேட்டரியை அப்படியே விட்டால் தகடுகளில் படியும் ஈய சல்பேட்டு கெட்டிப்பட்டுப் போகும். பிறகு எவ்வளவு மின்சாரம் ஏற்றினாலும் அது முழுதாகக் கரையாது.

அப்பாக்களிடம் ஒரு வைத்தியம் உண்டு: வாரம் ஒரு முறை வாசலிலேயே ஐந்து நிமிடம் எஞ்சினை ஓட விடுவது. அன்பினால் செய்கிறார்கள், பலன் குறைவு. ஸ்டார்ட்டர் ஒரு முறை இழுத்ததைத் திருப்பிக் கொடுக்கக்கூட அந்த மெதுவான ஓட்டம் பல நேரங்களில் போதாது. எஞ்சின் முழுச் சூட்டுக்கு வராததால் சைலன்சருக்குள் ஈரமும் தங்கி, உள்ளிருந்தே துரு ஏறும்.

பராமரிப்பு சார்ஜர் பேட்டரியை நிரப்பிவிட்டு, 13.2 முதல் 13.6 வோல்ட் அளவுக்குத் தானாக இறங்கி, இழந்ததை மட்டும் ஈடுசெய்துகொண்டிருக்கும். மாதக்கணக்கில் மாட்டி வைக்கலாம். பக்கத்து வீட்டுக் கார் சார்ஜர் அப்படியல்ல. 5 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு அரை ஆம்பியர் போதும். அதில் நான்கு, ஐந்து ஆம்பியரை மணிக்கணக்கில் திணித்தால் உள்ளே இருக்கும் நீர் வாயுவாகிப் போகும். மூடிய வகை பேட்டரியில் திறந்து நீர் ஊற்றவும் வழியில்லை. லித்தியம் பேட்டரி போட்டிருந்தால் அதற்கென்று உள்ள சார்ஜர்தான் வேண்டும்.

ஓய்வுபெற்ற தோட்டத் தண்டல் (கங்காணி) ஒருவர் மகனின் மோட்டாருக்காக ஒன்று வாங்கினார். வாங்குமுன் அவர் கேட்ட ஒரே கேள்வி, "கரண்டு பில் எவ்வளவு ஏறும்?" 5 வாட் என்று வைத்துக்கொண்டாலும் மாதம் முழுவதற்கும் 3.6 யூனிட்தான், ஒரு தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) விலைகூட வராது என்று தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். அந்தத் தாளையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், மோட்டார் நின்ற இடம் சாமி மாடத்தின் அடியில். சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளிவரலாம். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். மேலே கற்பூரம், கீழே இது. "சாமியை நகர்த்த முடியாது, ஐயா, மோட்டாரை நகர்த்துவோம்" என்றேன். பியூஸ் வைத்த ஒரு ஒயரைப் பேட்டரி முனைகளில் நிரந்தரமாக முடுக்கி, இருக்கைக்கு வெளியே இழுத்துவிட்டேன். இனி அவர் எதையும் கழற்ற வேண்டாம், செருகினால் போதும். இடி முழங்கினால் ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கிவிடுகிறார். நான் சொல்லாமலே செய்கிறார். பேராக் மின்னலை அறிந்தவர்.

செத்த பேட்டரியை இது எழுப்புமா என்று கேட்பவர்கள்தான் அதிகம். எழுப்பாது. இரவெல்லாம் ஏற்றியும் 10.5 வோல்ட்டைத் தாண்டாத பேட்டரியில் பெரும்பாலும் உள்ளே ஓர் அறை (செல்) போய்விட்டிருக்கும். எந்தச் சார்ஜரும் அதை மீட்காது. பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் 'சல்பேட்டு நீக்கும்' வசனத்தை நான் பெரிதாக நம்புவதில்லை. தினமும் நல்ல தூரம் ஓடுகிற மோட்டாருக்கு வாங்கவே வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கடையில் நல்ல சார்ஜர் ஒன்றின் விலைக்கு இரண்டு சிறிய பேட்டரிகள் வாங்கலாம். இதையெல்லாம் வாடிக்கையாளரிடம் விளக்கிக்கொண்டிருப்பது தவுக்கேக்குப் பிடிக்காது. அவர் கவலை அவருக்கு.

வாசலில் பிளக் இல்லாத வீடுகளும் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது: முதலில் கறுப்பு ஒயர், பிறகு சிவப்பு ஒயர் என்று கழற்றி, பேட்டரியை மட்டும் மாதம் ஒரு முறை கடைக்குக் கொண்டுவாருங்கள், ஓர் இரவு மாட்டிக் கொடுக்கிறோம். மேலே டேப் ஒட்டிப் பெயரை எழுதிவிட வேண்டும். எழுதாமல் கொண்டுவருகிறவர்களின் பேட்டரிகளில் எது யாருடையது என்பதுதான் தவுக்கேக்கும் எனக்கும் வழக்கமாக நடக்கும் சண்டை.