31 கண்ணி

நவம்பர் 3
கடலூர் புழுக்கத்தில் உல்லன் நூலை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் வீட்டுக்காரர் சிரிக்காமல் என்ன செய்வார்? தம்பி மகள் குன்னூரில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். "காலையில வாயைத் திறந்தா புகையா வருது அத்தை" என்றாள். சரி, ஒரு மஃப்ளர் பின்னி அனுப்பிவிடுவோம் என்று தோன்றியது. திருப்பாதிரிப்புலியூரில் 4 மி.மீ. ஊசி ஒரு ஜோடியும் சாம்பல் நிற நூல் நாலு உருண்டையும் வாங்கினேன்.

நவம்பர் 5
மாடி வீட்டு அக்காதான் குரு. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் அடித்த பிறகு, கரண்ட் இல்லாமல் கிடந்த நாட்களில் பின்னிப் பழகியவராம். ஊசியில் நிற்கிற நூல் வளையம்தான் கண்ணி. போடும்போது நம் பக்கம் வழவழவென்று விழுந்தால் அது நிட், குமிழாக விழுந்தால் பர்ல். ஒரு வரி முழுக்க நிட், அடுத்த வரி முழுக்க பர்ல் என்று போட்டால் ஓரமெல்லாம் பொரித்த அப்பளம் மாதிரி சுருண்டுகொள்ளும் என்றார். மஃப்ளருக்கு சீட் ஸ்டிச் என்கிற பின்னல்தான் சரியாம். தட்டையாகக் கிடக்கும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். ஒரு நிட், ஒரு பர்ல், ஒரு நிட், ஒரு பர்ல். அவ்வளவுதான்.

நவம்பர் 6
அவ்வளவுதான் இல்லை. 30 கண்ணி ஏற்றிப் பத்து வரி போட்டுப் பார்த்தால், ஸ்வெட்டர் கைப்பட்டை மாதிரி நெடுக்கில் கோடு கோடாக வந்திருக்கிறது. அக்கா கண்ணிகளை எண்ணினார். "இரட்டைப்படையில ஏத்திட்டு ஒவ்வொரு வரியையும் நிட்ல ஆரம்பிச்சா, நிட் மேல நிட்தான் விழும்." 31 என்றால் ஒவ்வொரு வரியும் நிட்டில் தொடங்கி நிட்டிலேயே முடியும், குமிழ்கள் இடம் மாறி மாறி விழும். மொய்யென்றால் 501 வைக்கிற ஊரில் பிறந்தும் ஒற்றைப்படை எனக்குத் தோன்றவில்லை.

நவம்பர் 9
31 ஏற்றினேன், 34 இருக்கிறது. நடுவில் மூன்று ஓட்டை. நிட்டுக்கு நூல் பின்னால் இருக்க வேண்டும், பர்லுக்கு முன்னால். மாற்றும்போது இரண்டு ஊசிக்கும் நடுவே கொண்டுவர வேண்டும். நானோ சீரியல் பார்த்துக்கொண்டே ஊசிக்கு மேலாகத் தூக்கிப் போட்டிருக்கிறேன். அப்படிப் போட்ட நூல் அங்கேயே ஒரு புதுக் கண்ணியாகக் குடியேறிவிடுகிறது.

நவம்பர் 10
பிரித்தேன். சீரியலும் இல்லை.

நவம்பர் 14
மத்தியானத்திலிருந்து மழை. ஏழு மணிக்குக் கரண்ட் போனது. 'நிட், பர்ல்' என்று வாயால் சொல்லிக்கொண்டே போடாதே, ஊசியில் நிற்கிற கண்ணியைப் பார் என்று அக்கா சொல்லிக்கொண்டே இருந்தார். கண்ணியின் கழுத்தடியில் குமிழ் இருந்தால் அதன்மேல் நிட் போட வேண்டும். வழவழவென்று இருந்தால் பர்ல். மெழுகுவத்தி வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் கட்டைவிரலுக்குத் தெரிந்தது. குமிழ், வழவழப்பு, குமிழ். அரை மணி நேரத்தில் ஆறு வரி. வாய் ஒரு தடவைகூட எண்ணவில்லை. கரண்ட் வந்ததும் எண்ணிப் பார்த்தேன், 31. துணியைத் தடவினால், வேட்டியில் காயப்போட்ட ஜவ்வரிசி வடகத்தைத் தடவுகிற மாதிரி இருக்கிறது.

நவம்பர் 22
பதினாலு அங்குலம் ஆகிவிட்டது. வீட்டுக்காரர் எடுத்துக் கழுத்தில் சுற்றிப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒண்ணு?" என்றார். ஃபேன் கீழே உட்கார்ந்துகொண்டு!
மூன்றாவது அங்குலத்தில் இரண்டு குமிழ் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருப்பதை இன்றுதான் பார்த்தேன். அதற்காகப் பதினோரு அங்குலம் பிரிப்பதாக இல்லை. அந்த முனையை அவள் கோட்டுக்குள் விட்டுக்கொள்ளட்டும்.