எந்த மாதம், எந்தக் கடல்

விடுமுறைக்கு இராமேசுவரம் வரும் உறவினர்கள் எந்தக் கடற்கரை அழகானது என்று தவறாமல் கேட்கிறார்கள். எந்த மாதத்தில் எந்தப் பக்கம் இறங்கலாம் என்று கேட்டால் எனக்கு இன்னும் நிம்மதியாக இருக்கும். வடக்கே ஆழம் குறைந்த பாக் நீரிணையைப் பெண் கடல் என்றும், தெற்கே அலை ஓங்கும் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் எங்கள் பக்கத்தில் சொல்வது வழக்கம். அந்தப் பெயர்களை மட்டும் நம்பி இறங்கிவிடக் கூடாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று வீசும்போது தென்கடல் கொந்தளிக்க, அரியமான் போன்ற வடகரைகள் பெரும்பாலும் அடங்கியிருக்கும். வடகிழக்குப் பருவத்தில் வாடைக்காற்று எழுந்துவிட்டால் அந்தப் பெண் கடலே சீறத் தொடங்கும்.

இரண்டும் சேரும் அரிச்சல்முனையில்தான் எனக்கு அச்சம் அதிகம். 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடிக்கு அப்பால் உள்ள அந்த முனைக்கு, முன்பெல்லாம் மணலில் வேனில் குலுங்கிக்கொண்டுதான் போக வேண்டும். 2017இல் சாலை திறக்கப்பட்ட பின் கார் நேராக அங்கே போய் நிற்கிறது. இறங்கிய வேகத்திலேயே பிள்ளைகள் தண்ணீருக்கு ஓடுகிறார்கள். இருபுறத்து நீரோட்டமும் மணலை ஓயாமல் இடம் மாற்றுவதால், சென்ற முறை முழங்கால் அளவு நீர் இருந்த இடத்தில் இம்முறை காலே பாவாமல் போகலாம். பார்ப்பதற்கு ஒரு பக்கம் குளம்போல் இருந்தாலும் அங்கே குளிக்கவே கூடாது என்பது என் முடிவு. கணுக்கால் நனைத்தால் போதும், அதுவும் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு. நிழலும் குடிநீரும் அரிது என்பதால் தண்ணீர் எடுத்துச் சென்று, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும்.

அலைகள் உடையும் கரையில், நடுவே ஒரு பட்டை மட்டும் உடையாமல் அமைதியாகத் தெரிந்தால், பலர் அதுதான் பாதுகாப்பான இடம் என்று நினைத்து இறங்குகிறார்கள். கரைக்கு வந்த நீர் மீண்டும் கடலுக்குப் பாயும் வழி பெரும்பாலும் அதுவே. அதில் சிக்கியவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்துவிடாமல், முதலில் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு தளர்ந்த பின் கரைப்பக்கம் திரும்ப வேண்டும். நீந்தத் தெரியாதவர் உதவிக்குக் குதித்தால் இருவரும் சிக்குவார்கள். மூடியிட்ட காலித் தண்ணீர் கேனை வீசிவிட்டு, அருகிலுள்ள மீனவர்களைக் கூவி அழைப்பதே மேல்.

பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தால் அன்று கோயிலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வானம் தெளிந்திருக்கும் நாளிலும், தொலைதூரப் பெருங்கடலில் எழுந்த அலைகள் கள்ளக்கடலாக வந்து கரையேறுவதுண்டு. ஆகவே அதற்கான அறிவிப்பையும் காலையிலேயே பார்த்துவிடுவது நல்லது.

ஆழமற்ற மணலில் திருக்கை புதைந்து கிடக்கலாம் என்பதால், அடியெடுத்து வைக்காமல் காலைத் தேய்த்தபடி நகர்ந்தால் அது விலகிப் போகும். முள் குத்திவிட்டால், பொறுக்கும் அளவு சூடான நீரில் காலை அமிழ்த்தி வலியைத் தணிக்கலாம். ஆழமாகத் தைத்த முள்ளைப் பிடுங்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சொறி மீன் (ஜெல்லி மீன்) பட்ட இடத்தில் மணலைப் போட்டுத் தேய்க்க வேண்டாம். கடல்நீரால் கழுவிவிட்டு, மூச்சு முட்டினால் உடனே 108ஐ அழையுங்கள்.