அடுத்த கட்டத்தில் என்ன வரும்?

ஜூலை 6

அண்ணன் மகளுக்குப் பள்ளியில் மனத்திறன் தேர்வு வருகிறது. கணக்கில் கெட்டிக்காரி, படக் கேள்வி என்றால் மட்டும் முகம் வாடிவிடுகிறது. "நாலு விடையும் சரியாத்தான் தெரியுது அத்தை" என்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். கேள்வியை ஒரு பார்வை பார்த்ததும் கண் விடைகளுக்குத் தாவிவிடுகிறது. தவறான விடைகளை யாரும் சும்மா வரைவதில்லை. பாதி விதியைப் பிடித்தவருக்குச் சரியென்று தோன்றும்படிதான் வரைகிறார்கள். இனி விடைகளைக் கையால் மூடிக்கொள்ள வேண்டும், விதியை வாய்விட்டுச் சொன்ன பிறகே கையை எடுக்க வேண்டும் என்று பேசிக்கொண்டோம்.

ஜூலை 7

வரிசைக் கேள்வி. நான்கு சதுரங்கள், ஒவ்வொன்றிலும் மூலையில் ஒரு கரும்புள்ளி, நடுவில் ஒரு கோடு. ஐந்தாவது என்ன? மொத்தமாகப் பார்த்தால் தலை சுற்றும். புள்ளியை மட்டும் பார் என்றேன். மேல் இடது, மேல் வலது, கீழ் வலது, கீழ் இடது. சரி, அடுத்தது மறுபடி மேல் இடது. அப்புறம் கோடு: நிமிர்ந்தது, வலப்பக்கம் சாய்ந்தது, படுத்தது, இடப்பக்கம் சாய்ந்தது. தடவைக்கு 45 பாகை. இன்னும் ஒரு 45 திரும்பினால் மொத்தம் 180, கோடு மீண்டும் நிமிர்ந்துவிடும். ஆக, ஐந்தாவது சதுரம் அச்சு அசலாக முதல் சதுரமேதான்! "வந்த படமே திரும்ப வருமா?" என்று தயங்கினாள். விதி அப்படிச் சொன்னால் வரும். கோட்டுக்குப் பதில் அம்பு இருந்தால் கதை வேறு; 180 பாகையில் அது தலைகீழாக நிற்கும்.

ஜூலை 9

ஒன்பது கட்டப் புதிர், கடைசிக் கட்டம் காலி. ஆங்கிலேய உளவியலாளர் ஜான் ரேவன் 1938-ல் வெளியிட்ட தேர்வு முழுக்க இப்படிக் காலியிடத்தை நிரப்பும் படங்கள்தான். 60 கேள்விகள், 12 வீதம் ஐந்து தொகுதிகள். ஒவ்வொரு தொகுதியும் எளிதாகத் தொடங்கிப் போகப்போகக் கடினமாகும், அதனால் முந்தைய கேள்வியே அடுத்ததற்குப் பாடம். அந்த அமைப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இன்றைய புதிரில் முதல் கட்டத்தில் படுத்த கோடும் நிமிர்ந்த கோடும். இரண்டாவதில் நிமிர்ந்ததும் சாய்ந்ததும். மூன்றாவதில் படுத்ததும் சாய்ந்ததும். "கூட்டல்" என்றாள் சட்டென்று. அப்படியானால் நிமிர்ந்த கோடு எங்கே போனது? கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தவள், "ரெண்டுலயும் இருக்கிறது அடிபட்டுப் போகுது அத்தை!" என்று குதித்தாள். இரண்டாவது வரிசையில் பொருத்திப் பார்க்கச் சொன்னேன். பொருந்தியது. அதற்குப் பிறகுதான் விடையைத் தொட விட்டேன்.

ஜூலை 12

சுழற்றிய உருவா, கண்ணாடி பிம்பமா? இதற்கு 'ட' எழுத்தையே எடுத்துக்கொண்டோம். மேலிருந்து செங்குத்துக் கோட்டில் இறங்கி நடப்பதாக நினைத்துக்கொள்; அடியில் எந்தக் கைப்பக்கம் திரும்புவாய்? இடக்கை. தாளை எத்தனை பாகை சுழற்றினாலும் இடக்கைதான். வலக்கைப் பக்கம் திரும்பினால் அது பிம்பம், அடித்துவிடலாம். மனதுக்குள் படத்தைச் சுழற்றுவதைவிட இது வேகம். 1971-ல் ரோஜர் ஷெப்பர்டும் ஜாக்குலின் மெட்ஸ்லரும் செய்த சோதனையில், இரண்டு உருவங்களுக்கு இடையிலான கோணம் கூடக்கூட, அவை ஒன்றேதான் என்று சொல்ல ஆகும் நேரமும் அதே சீராகக் கூடியது. தேர்விலோ நேரம்தான் கைவசம் இல்லாத பொருள். அதனால் சுழற்சிக் கேள்விகளில் முதலில் திருப்பத்தைப் பார்த்துப் பிம்பங்களை அடித்துவிட்டு, மிஞ்சியதில் மட்டும் நிழலையும் புள்ளியையும் பார்க்கப் பழக்குகிறேன்.