எல்க் கத்தும் மாதத்தில் ஒரு மண் ரோடு

முதலில் அந்த மோட்டல் விஷயத்தைக் கொட்டிவிடுகிறேன், இல்லையென்றால் மனசு ஆறாது. ஆன்லைனில் ஒரு இரவுக்கு 170 டாலர் என்று போட்டிருந்தது. கொலராடோவில் ராக்கி மவுண்டன் தேசியப் பூங்காவை ஒட்டிய எஸ்டஸ் பார்க் ஊரில் செப்டம்பர் கடைசியில் இந்த விலைக்குக் கிடைப்பதே பெரிது என்று பல்லைக் கடித்துக்கொண்டு புக் செய்தேன். போய் நின்றால் ‘ரிசார்ட் ஃபீ’ என்று இன்னொரு 25 டாலர். எதற்கு என்று கேட்டால், நீச்சல் குளத்துக்காம். குளத்தை எட்டிப் பார்த்தேன். சீசன் முடிந்துவிட்டது என்று தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். மூடிய குளத்துக்கு இரவுக்கு 25 டாலர்! ஹீட்டர் வேறு ராத்திரி முழுக்கக் கடகடவென்று ஆடியது.

சரி, அதை விடுங்கள். கொலராடோவின் ராக்கி மவுண்டன் தேசியப் பூங்காவுக்கு எப்போது போகலாம் என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: செப்டம்பரின் பின்பாதி. கோடை விடுமுறைக் கூட்டம் ஓரளவு கலைந்திருக்கும். மலை ரோடுகளைப் பனி இன்னும் மூடியிருக்காது. ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, எல்க் மான்களின் இணைசேரும் பருவம் அப்போதுதான் உச்சத்துக்கு வரும்.

காலேஜ் நண்பன் ஒருவன் டென்வரில் இருக்கிறான், பழைய சுபாரு கார் வைத்திருக்கிறான். இது பெரிய விஷயம். வாடகை கார் ஒப்பந்தங்கள் பலவற்றில் தார் போடாத ரோட்டில் ஓட்டக்கூடாது என்று பொடி எழுத்தில் இருக்கும். அங்கே டயர் கிழிந்தால் இன்சூரன்ஸ் கை கொடுக்காது. மண் ரோட்டுக்காகவே போகிறவர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன் அதைப் படித்துவிடுங்கள்.

அனுமதி முறை ஒரு தலைவலி. நாங்கள் போனபோது கோடையிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை பூங்காவுக்குள் போக நேரம் குறித்த முன்பதிவு வேண்டியிருந்தது. நுழைவுக் கட்டணம் தனி, காருக்கு ஏழு நாளைக்கு 35 டாலர் வாங்கினார்கள். பூங்காவுக்குள் பேர் லேக் ரோடு பக்கத்துக்கு விடியற்காலை 5 மணியிலிருந்தே முன்பதிவு கேட்டார்கள். மற்ற இடங்களுக்குக் காலை 9 மணிக்கு முன் உள்ளே நுழைந்துவிட்டால் தேவைப்படவில்லை. எனவே இருட்டோடு கிளம்பி, ஃபால் ரிவர் வாசல் வழியாக ஹார்ஸ்ஷூ பார்க் புல்வெளிக்குப் போய் காரை ஓரங்கட்டினோம். வெளியே பூஜ்யம் டிகிரிக்கும் கீழே. என்ஜினை அணைத்தாயிற்று. கண்ணாடியை இறக்கி, அரிசி நிரப்பிய துணிப்பையைக் கதவின் மேல் வைத்து, அதன்மேல் தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் காட்டும் 150-600 மி.மீ. லென்ஸைச் சாய்த்துக்கொண்டேன். அந்த லென்ஸும் வாடகைதான். கிட்டத்தட்ட நூறு டாலர் போனது, ஆனால் இந்தப் பயணத்தில் நான் வருத்தப்படாமல் கொடுத்த காசு அது ஒன்றுதான்.

முதல் சத்தம் கேட்டபோது இன்னும் வெளிச்சம் வரவில்லை. எல்க் கிடா முந்நூறு கிலோவைத் தாண்டும் மிருகம், உறுமும் என்றுதானே நினைப்போம்? அடிவயிற்றிலிருந்து கனமாகக் கிளம்பி, மேலே மேலே ஏறி, கடைசியில் துருப்பிடித்த இரும்புக் கேட்டைத் திறந்தாற்போல் ஒரு கிறீச்சல். அது முடிந்ததும் தொண்டைக்குள் நாலைந்து முனகல். புல்வெளியின் அந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு கிடா பதில் கொடுக்கும். “டேய், இதுக்குத்தான் இவ்வளவு பெரிய உடம்பா?” என்றான் நண்பன். அடுத்த கத்தல் காரிலிருந்து நூறு அடி தூரத்தில் கேட்டதும் வாயை மூடிக்கொண்டான்.

வெளிச்சம் வந்தது. பதினைந்து இருபது பெண் மான்களைச் சுற்றிச் சுற்றி ஓட்டிக்கொண்டு ஒரே ஒரு கிடா. கொம்பில் பிய்ந்த புல் கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது. சேற்றில் கொம்பைக் குத்திப் புரட்டிவிட்டு வந்திருக்கிறது. வயிற்றடி கறுத்து நனைந்திருக்கிறது, அது தண்ணீர் இல்லை. தன் மேலேயே சிறுநீரைப் பீய்ச்சிக்கொள்வதுதான் அதற்கு அலங்காரம். காற்று திரும்பியபோது வாடை காருக்குள்ளேயே வந்தது. அந்தக் கொம்பு வருடா வருடம் விழுந்து புதிதாக முளைப்பது, கோடையில் நாளுக்கு ஒரு அங்குலம் வரைகூட வளரும். சூரியன் மான்களுக்குப் பின்னால் இருந்ததால், கத்தும்போது வாயிலிருந்து வரும் ஆவி பொன்னிறமாகப் பிடிபட்டது. இந்தப் படம் வேண்டுமென்றால் வெயிலுக்கு எதிராகக் காரை நிறுத்துங்கள், பின்புலத்தில் இருட்டான மரங்கள் இருக்கட்டும், ஷட்டர் வேகம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிட மெதுவாக வேண்டாம். கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓ ஏறினால் ஏறட்டும். புள்ளி புள்ளியாக வந்த படத்தை மன்னிக்கலாம், ஆடிப்போன படத்தை வைத்து என்ன செய்வது?

இந்த மான்கள் வேட்டையில் இங்கே கிட்டத்தட்ட அற்றுப்போனவை. 1913, 1914இல் யெல்லோஸ்டோன் பகுதியிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். பூங்கா அமைந்ததே 1915இல்தான். இன்று எஸ்டஸ் பார்க் ஊருக்குள்ளேயே, புல்தரை இருக்கும் இடமெல்லாம் படுத்துக் கிடக்கின்றன.

இப்போது எரிச்சலான பகுதி. செப்டம்பர், அக்டோபர் இரண்டு மாதமும் மாலை 5 மணியிலிருந்து மறுநாள் காலை 10 மணி வரை இந்தப் புல்வெளிகளில் கால் வைக்கக்கூடாது, ரோட்டோரத்தோடு நிற்க வேண்டும். எல்கிடமிருந்து 75 அடி, மூஸ் என்ற இன்னும் பெரிய மானிடமிருந்து 120 அடி தள்ளி நிற்க வேண்டும். போர்டு போட்டிருக்கிறார்கள், ரேஞ்சர்கள் தொண்டை வற்றக் கத்துகிறார்கள். அப்படியும் ஒரு ஆள் செல்போனை நீட்டிப் பிடித்தபடி கிடாவை நோக்கி நடக்கிறார். மான் கூட்டம் கலைந்து மரங்களுக்குள் ஓடியது. ரோட்டோரத்தில் கேமரா முக்காலி போட்டு நின்றிருந்த அத்தனை பேருடைய காலைப் பொழுதும் போச்சு. காருக்குப் பழகிய மிருகம், காரிலிருந்து இறங்கி நடந்து வரும் மனிதனுக்குப் பழகவில்லை. கார்தான் உங்கள் மறைவிடம். உள்ளேயே உட்கார்ந்து, கதவை அடிக்காமல் இருந்தால் அதுவே பக்கத்தில் வரும். எங்களிடம் வந்தது. லென்ஸில் முகம் மட்டும்தான் அடங்கியது, கொம்பு வெளியே.

அப்புறம் ஓல்டு ஃபால் ரிவர் ரோடு. இந்தப் பூங்காவில் எல்லோரும் பேசுவது டிரெயில் ரிட்ஜ் ரோட்டைப் பற்றி. 12,183 அடி உயரம் வரை ஏறும் தார் ரோடு, அழகுதான். ஆனால் முன்னால் ஒரு கார், பின்னால் ஒரு கார், நடுவில் நீங்கள். அதற்கு முன்பு மலையைக் கடக்க இருந்த வழிதான் இந்த மண் ரோடு. 1913இல் கைதிகளை வைத்து வெட்டத் தொடங்கி 1920இல் திறந்தது. ஒன்பது மைலுக்கு மேல் சரளை, மேல்நோக்கி மட்டும் ஒருவழி, மணிக்கு 15 மைல் வேகம். ஏறினால் ஏறியதுதான், திரும்ப முடியாது. பள்ளத்துப் பக்கம் தடுப்புச்சுவர் கிடையாது. கொண்டை ஊசி வளைவுகளில் நண்பன் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த விதத்தைப் படம் எடுத்திருக்க வேண்டும். எதிரே வண்டி வராது என்பதால் ஊர்ந்து போகலாம், ஓரத்தில் இடம் கிடைத்தால் நிறுத்திக்கொண்டே போகலாம். அந்த நிதானம்தான் இந்த ரோட்டின் ருசி. கேஸம் அருவியில் நிறுத்தினோம், கூட்டம், கிளம்பிவிட்டோம்.

மரங்கள் முடிந்து பாறை மட்டும் இருக்கும் உயரத்தில் பைக்காவுக்காகக் காத்திருந்தேன். கைக்குள் அடங்குகிற, வாலே தெரியாத ஜீவன், முயலுக்குச் சொந்தம். மார்மட் என்ற மலை அணில் மாதிரி குளிர்காலம் முழுக்கத் தூங்காது. அதனால் இலையுதிர் காலத்தில் புல்லை அறுத்து, காயவைத்து, பாறை இடுக்கில் அடுக்கிக்கொண்டே இருக்கும். ‘ஈப்’ என்று சத்தம் வரும், திரும்பினால் ஆளைக் காணோம். காற்று காதைப் பிய்க்கிறது, விரல் மரத்துவிட்டது. ஆனால் அது ஒரே பாதையில்தான் போய்வருகிறது என்று கொஞ்ச நேரத்தில் பிடிபட்டது. ஒரு தட்டையான பாறையில் ஃபோகஸை வைத்துவிட்டுக் காத்திருந்தேன். மீசைக்கு இரண்டு பக்கமும் புல் பிதுங்க, வாய் நிறையக் கட்டோடு வந்து நின்றது. ஒரு நொடிதான், நாலு படம் கிடைத்தது. எல்க் படங்களைவிட எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

மூஸ் பார்க்க மேற்குப் பக்கம் காவுனீச்சி பள்ளத்தாக்கு வரை போனோம். வில்லோ புதருக்குள் ஒரு முதுகு தெரிந்தது, அவ்வளவுதான்.

சாப்பாட்டில் ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். ஊருக்கு வெளியே ஒரு சின்னக் கடையில் முட்டையும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுருட்டிய புரிட்டோவின் மேல் கொதிக்கக் கொதிக்க கிரீன் சில்லி குழம்பை ஊற்றிக் கொடுத்தார்கள். பன்றிக்கறி போட்டது, மூக்கில் தண்ணீர் வரும் காரம். 12 டாலர், ஒருவருக்கு அதுவே அதிகம். அதைச் சாப்பிட்டுவிட்டு மதியம் எதுவும் வாங்கவில்லை, மோட்டல்காரனுக்கு அழுத காசில் பாதி அங்கே ஈடாயிற்று.

திரும்பும்போது பீக் டு பீக் ஹைவே வழியாக வந்தோம். ஒரு சரிவு முழுக்க மஞ்சள், பக்கத்துச் சரிவு இன்னும் பச்சை. ஆஸ்பென் ஒரே வேரிலிருந்து நூற்றுக்கணக்கில் கிளைத்து வரும் மரம், ஒரு தோப்பே ஒரு மரம் என்று சொல்லலாம். அதனால்தான் நிறம் மாறினால் மொத்தமாக மாறுகிறது. சனிக்கிழமை மட்டும் அந்த வழியில் வராதீர்கள், நெடர்லேண்ட் பக்கம் வண்டிகள் நகரவே இல்லை. ஓல்டு ஃபால் ரிவர் ரோட்டை வழக்கமாக அக்டோபர் தொடக்கத்திலேயே மூடிவிடுவார்கள், பனி முந்தினால் அதற்கும் முன்பே. எனவே கிளம்புகிற அன்று காலையில் பூங்காவின் ரோடு நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். சுபாருவைக் கழுவ 18 டாலர் ஆனது. அதில் பாதி என் கணக்கு என்று நண்பன் நேற்று மெசேஜ் போட்டிருக்கிறான்.