பேஜண்ட்: வண்டியில் வந்த சொல்

பேஜண்ட் (pageant) என்ற ஆங்கிலச் சொல்லைக் கேட்டாலே இன்று பலருக்கும் அழகிப் போட்டிதான் நினைவுக்கு வரும். ஆனால் இடைக்கால இங்கிலாந்தில் அது சக்கரம் வைத்த மேடை. யார்க் நகரில் கார்ப்பஸ் கிறிஸ்டி என்ற கிறிஸ்தவத் திருநாளன்று, பைபிள் காட்சிகளை வண்டிகளில் ஏற்றி, தெருவில் குறித்த இடங்களில் நிறுத்தி நிறுத்தி நடிப்பார்கள், காட்சிக்கு ஒரு தொழிற்குழு பொறுப்பு, அதிலும் நோவாவின் பேழை கப்பல் கட்டுகிறவர்களுக்கு, சிலுவையில் அறைவது ஆணி செய்கிறவர்களுக்கு (யோசித்துத்தான் பிரித்திருக்கிறார்கள்!). காட்சிக்கும் வண்டிக்கும் ஒரே பெயர், பேஜண்ட். வேர், புத்தகப் பக்கம் என்று பொருள்படும் பாகினா என்ற லத்தீன் சொல் என்பது பலர் கருத்து. 1569-க்குப் பிறகு யார்க்கில் நாடகங்கள் நின்றுபோயின. சொல் மட்டும் நிற்கவில்லை. ஊர்வலம், ஆடம்பரம், அப்புறம் 1921-ல் அட்லாண்டிக் சிட்டியில் தொடங்கிய மிஸ் அமெரிக்கா மாதிரியான போட்டிகள் என்று தாவிக்கொண்டே வந்துவிட்டது.